குட்ரூனின் போர்வையை மாட்டிய நாள்

மனித நாகரிகத்தின் சிகரங்களில் ஒன்று, படுக்கையில் கிடக்க வேண்டியதைச் சுவரில் தொங்கவிட்டு அதன்முன் மௌனமாக நிற்பது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் போர்வைத் தையல் சங்கத்தின் கண்காட்சிக் கையேடு இப்படித்தான் தொடங்கும். எழுதியவள் தலைவி ஆர்லிஸ் டோர்கர்சன். இரண்டாவது வரி: காபியோடு உள்ளே வராதீர்கள்.

கண்காட்சி நாளன்று பகல் இரண்டு மணிக்கு ஆர்லிஸ், லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்துக்கு ஒரு துண்டுத்துணிப் போர்வையைச் சுமந்துகொண்டு வந்தாள். வெளியே மழை. உள்ளே ஈரக் கம்பளி வாடை.

போர்வையைத் தைத்தவர் குட்ரூன் பாக்கன். யாருக்கும் காட்டாமல், தான் படுக்கத் தைத்துக்கொண்டது. பிப்ரவரியில் அதன் அடியிலேயே தூக்கத்தில் இறந்துபோனார். வீட்டைக் காலிசெய்ய உதவப் போன ஆர்லிஸ், பின்மூலையில் தைத்தவர் பெயர் போட்டிருந்த துணித்துண்டைப் பிரித்துவிட்டுத் தன் பெயரைத் தைத்து வைத்திருந்தாள். கண்காட்சிப் போட்டியில் இருபது வருஷமாக அவள் கைக்கு எட்டாத முதல் பரிசு. மூன்று மணிக்கு நடுவர் வருகிறார். பிடிபட்டால் தலைவி பதவியோடு ஊரில் முகமும் போய்விடும்.

சங்கத்துத் தோழி லவோன் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். போர்வையின் பின்னால் தைத்த துணிக்குழலில் கம்பைச் செருகி மாட்டினார்கள். முறையான வழி அது. திரும்பி நாலடி நடந்திருப்பார்கள்.

போர்வை தரையில் இருந்தது. மூன்றாக மடித்து.

கம்பு வழுக்குகிறது என்றாள் ஆர்லிஸ். வழுக்கி விழுவது மடித்துக்கொண்டா விழும் என்று லவோன் கேட்டாள். அடுத்தது ஒட்டி உரிக்கும் வெல்க்ரோ பட்டை. ஒரு பன்றியையே தொங்கவிடலாம் என்று சொல்லி லவோன் அழுத்தி ஒட்டினாள்.

பிறகு அந்தச் சத்தம். ஒட்டியது உரியும் சத்தம். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு அங்குலமாக.

மூன்றாவதாக மரச்சட்டம் இரண்டின் நடுவே மேல்விளிம்பைக் கவ்வவைத்து, திருகாணியால் சுவரோடு இறுக்கினார்கள். நின்றது.

கூடம் சில்லிட்டது. குட்ரூன் மார்பில் தடவிக்கொள்ளும் கற்பூரத் தைல வாடை வந்தது.

போர்வையின் நடுவில் ஒரு மேடு எழுந்தது. அதற்கு மேலே இன்னொன்று.

ஒரு முழங்கால். ஒரு தோள்.

பின்னால் வெறும் கான்கிரீட் சுவர்.

"ஆர்லிஸ்," லவோன் கிசுகிசுத்தாள், "உள்ள யாரோ படுத்திருக்காங்க."

"காத்து."

"காத்துக்கு முட்டி ஏதுடி?"

மேடு மெல்ல ஏறியது, இறங்கியது. ஏறியது.

படிக்கட்டில் காலடி கேட்டதும் அது அடங்கியது. நடுவர் திருமதி ஹாலோரன், வெள்ளைக் கையுறையும், இதுவரை எதையும் பாராட்டியறியாத உதடுகளுமாக வந்தார். வழக்கப்படி போர்வையின் பின்மூலையைத் தூக்கிப் பெயரைப் படித்தார். கையை எடுக்காமலே நின்றார்.

"சூடா இருக்கே."

ஆர்லிஸ் முந்திக்கொண்டாள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"இப்பதான் இஸ்திரி போட்டேன்."

பஞ்சு வைத்துத் தைத்து முடித்த போர்வையில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பஞ்சு அமுங்கிச் செத்துப்போகும். அவ்வளவு தையலையும் கையால் போட்டவள் அதைச் செய்யமாட்டாள். ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

நடுவர் கையுறையைக் கழற்றினார். "இத யாரும்மா தைச்சது?"

ஆர்லிஸ் தரையைப் பார்த்தாள். லவோன்தான் குட்ரூனின் பெயரைச் சொன்னாள். கேள்வியாகத்தான் சொன்னாள், ஆர்லிஸ் மறுக்கவில்லை.

போட்டியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார் நடுவர். லவோன் ஏணியில் ஏறித் திருகாணிகளைக் கழற்றினாள். மரச்சட்டங்கள் கையோடு வந்தன.

போர்வை வரவில்லை.

மூன்று பேரும் இழுத்தார்கள். எதிலும் மாட்டாமல், எதிலும் ஒட்டாமல், அது சுவரில் அப்படியே இருந்தது. பிறகு அந்தத் தோள் சுவர்ப் பக்கமாகப் புரண்டு படுத்தது. விளிம்பை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

"இருக்கட்டும்," என்றார் நடுவர், மிகத் தாழ்ந்த குரலில். "பக்கத்துல இருக்குற அட்டைல பேர மட்டும் மாத்துங்க."

நான்கு மணிக்கு ஊராருக்குக் கதவு திறந்தது. யாரும் அந்தப் போர்வையைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆர்லிஸை அதன் அருகே நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். சுவரிலிருந்து குறட்டைச் சத்தம், சீராக, ஆழமாக வந்துகொண்டே இருந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அது ஆர்லிஸ் விடுவது என்று நினைத்தார்கள்.