பாஸ்வேர்டு கேட்காத பொத்தான்

"நூலோட பலத்தைக் கூட்டி எழுதினது நான்தான்னு வேலைய விட்டு நிறுத்திப்போட்டாங்க," என்றாள் சாஜிதா பேகம். அவள் அழவில்லை, கோபத்தில் குரல் நடுங்கியது.

அவிநாசிப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் நூலைச் சோதித்து, அதன் பலத்தைக் கணினியில் பதிபவள் அவள். அந்தக் கோப்பின் பாஸ்வேர்டு அவளுக்கு மட்டுமே தெரியும் என்பது ஆலையறிந்த செய்தி. புதிதாக வாங்கிய பஞ்சில் நூற்ற நூல், திருப்பூரில் அறுந்து அறுந்து திரும்பி வந்துவிட்டது. கோப்பிலோ அதற்கு நல்ல எண்கள்.

"அது நான் போட்ட எண்ணே இல்லீங்க. சொன்னா ஒருத்தரும் காதுல வாங்கலை."

துப்பறியும் சண்முகப்பிரியா அமைதியாகத் தலையசைத்தாள். உதவியாளன் மதன்குமாருக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. "ஏனுங்கக்கா, இன்னும் உக்காந்திருக்கறீங்க? கிளம்புங்க!"

சாஜிதாவையும் கூட்டிக்கொண்டு போனபோது, ஆலையில் முதலாளி சுந்தரராஜுலுவும், பஞ்சு வாங்கும் பொறுப்பிலிருந்த அவருடைய அக்காள் மகன் ரித்விக்கும் இருந்தார்கள்.

"பூட்டு ஒண்ணு, சாவி ஒண்ணு. எனக்கே அந்தப் பாஸ்வேர்டு தெரியாதுங்க," என்று சிரித்தான் ரித்விக்.

மதன்குமார் பல்லைக் கடித்தான்.

"எண்களை நீங்க எப்படிப் பாக்கறீங்க?" என்று முதலாளியைக் கேட்டாள் சண்முகப்பிரியா.

"என் கோப்புல ஒரு பொத்தான் இருக்குதுங்க. அமுக்கினா அந்தம்மா கோப்புல இருந்து எல்லாம் தானா வந்துரும். ஏதோ மேக்ரோவாம். ரித்விக் செஞ்சு குடுத்தான்."

"பாஸ்வேர்டு கேக்குமுங்களா?"

"முன்னெல்லாம் கேட்டுச்சுங்க. தெனம் அந்தம்மா வந்து அடிச்சுட்டுப் போகணும். அந்தத் தொல்லைக்குத்தான இந்தப் பொத்தானே!"

"சாஜிதா, பாஸ்வேர்டை இப்பவே மாத்துங்க."

அவள் மாற்றி, சேமித்து, கோப்பை மூடினாள். முதலாளி பொத்தானை அமுக்கினார். பாஸ்வேர்டு தவறு என்று திரை முறைத்தது.

"பூட்டின கோப்பைப் பாஸ்வேர்டு இல்லாம மேக்ரோவும் திறக்காதுங்க," என்றாள் சண்முகப்பிரியா. "பழைய பாஸ்வேர்டு அதுக்குள்ளயே எழுதியிருக்குது. அதனாலதான் இத்தனை நாள் திறந்துச்சு, இப்பத் திறக்கலை. இந்தம்மா அடிக்கறப்ப நீங்க பின்னால நின்னு பாத்திருக்கணும். தெரியாத ஒண்ண எப்படி எழுதினீங்க ரித்விக்? அதை வெச்சே கோப்பைத் திறந்து எண்ணையும் மாத்திட்டீங்க. கூடிப்போன எண்ணெல்லாம் நீங்க புதுசா வாங்கின பஞ்சுக்கு மட்டும்தான்!"

"வாங்கினது சொத்தைப் பஞ்சு, பழி இவங்க தலையிலயா?" என்று வெடித்தான் மதன்குமார்.

சுந்தரராஜுலுவின் முகம் கறுத்துவிட்டது.

"நாளைக்கு வேலைக்கு வந்துரும்மா."

"வாரேனுங்க," என்றாள் சாஜிதா. "ஆனா ஷிப்டு மாறுற நேரத்துல, அத்தனை பேரும் பாக்க, மில்லு வாசல்ல வெச்சுத்தான் என்னைய பொய்க்காரின்னீங்க. அதே எடத்துல இதையும் சொல்லுங்க. சொன்னாத்தான் வாரேன்."

ஷிப்டுச் சங்கு ஊதியது. சுந்தரராஜுலு செருப்பை மாட்டிக்கொண்டு, ரித்விக்கின் கையைப் பிடித்து இழுத்தபடி ஆலை வாசலை நோக்கி நடந்தார்.