இரண்டு எக்ஸ்!

செல்போன் அலறியது.

லிங்கராஜ் எடுக்கவில்லை. எடுக்கிற நிலையில் கை இல்லை... விரலெல்லாம் ரத்தம்!

கழக்கூட்டம், மலையாள நாட்டுப் புறநகர். அடுக்குமாடியின் ஏழாவது தளம். பளபளத்த தரையில் குப்புறக் கிடந்தான் பிரஜின். ஐ.டி. கம்பெனி மேனேஜர். குடித்துவிட்டுக் காரோட்டி, ஸ்கூட்டரில் போன அனுஷாவை அடித்துக் கொன்றவன். சாட்சிகள் பல்டியடிக்க, கோர்ட் படியில் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவன்.

அனுஷா, லிங்கராஜின் ஒரே மகள்.

அதே ஊரின் ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்தப் பலசரக்குக் கடை நடத்தும் லிங்கராஜ் அதுவரை ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. போன வாரம் லேப் சொன்னது... ரத்தப் புற்றுநோய்! பதினேழாவது குரோமோசோமில் ஒரு துண்டு காணோம். மருந்துக்கு மசியாத வகை. மறுபடி ரத்தம் எடுக்கணும் என்று ஆஸ்பத்திரியில் கெஞ்சினார்கள். அவர் போகவில்லை.

சாகப் போகிறவனுக்குத் தூக்குக் கயிறு என்ன, துளசி மாலை என்ன?

மறுபடி போன்!

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"லிங்கராஜ் சாரா? நான் டாக்டர் மீரா. லேப்ல குரோமோசோம் பாக்கறவ. எங்க இருக்கேள்?"

"ஒரு சோலியா வந்தேன்... முடிஞ்சிட்டு. சொல்லுங்கம்மா."

"மொதல்ல வந்தது பதினேழாவது குரோமோசோமை மட்டும் பாத்த ரிசல்ட். இன்னிக்குத்தான் செல்லை வளத்து எல்லாத்தையும் பாத்தேன். சார்... அது உங்க ரத்தமே இல்லை!"

"என்னது?"

"ஆம்பளைன்னா ஒரு எக்ஸ், ஒரு ஒய் இருக்கணும். இதுல ரெண்டும் எக்ஸ்! பொம்மனாட்டி ரத்தம். ட்யூப் மாறிப்போச்சு. உங்களுக்கு அந்த வியாதி இல்ல சார்!"

சுவரைப் பிடித்துக்கொண்டார் லிங்கராஜ். பிரஜினின் ரத்தம் அவர் செருப்பை நோக்கி மெல்ல ஊர்ந்து வந்தது.

"அன்னிக்கு உங்களோட வேற யாராவது ரத்தம் குடுத்தாளா?"



"எம் பொண்டாட்டி... கலைச்செல்வி. மேலெல்லாம் அசதின்னா. நாந்தான் 'நீயும் குடுட்டி'ன்னேன்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"உடனே கூட்டிண்டு வாங்கோ. திரும்ப எடுத்து நிச்சயம் பண்ணிக்கணும். அவாதான்னா... வழக்கமான மருந்து கேக்கறது கஷ்டம். எப்பவும் ஒருத்தர் கூடவே இருக்கணும். நீங்க இருக்கேளே!"

"அவளுக்கு நீங்களே ஒரு போன் போட்டிருங்கம்மா" என்று லைனைத் துண்டித்தார். வீட்டு நம்பரை அழுத்தினார்.

"எங்க போனிய? அயல மீன் கொழம்பு ஆறிட்டு இருக்கு!" கலைச்செல்வியின் குரல்.

"ஏட்டி... எனக்கு ஒண்ணுமில்லட்டி. டாக்டரம்மா சொல்லிட்டா."

"எம் பகவதியே!" அழுதாள். சிரித்தாள். "சீக்கிரம் வாங்க!"

மிச்சத்தைச் சொல்ல நாக்கு வரவில்லை.

"டாக்டர் மீரா போன்ல விளிப்பா. அவ சொன்னபடி கேளு... என்ன?"

கதவு படபடவென்று தட்டப்பட்டது. பக்கத்து ஃப்ளாட்டில் பிரஜினின் அலறல் கேட்டிருக்க வேண்டும்.

திறந்தார்.

இன்ஸ்பெக்டர் சிஜி. பின்னால் இரண்டு போலீஸ். பிணத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அனுஷா கேஸை விசாரித்தவளே அவள்தான்.

"ஐயோ... அண்ணாச்சி, நிங்களா? எந்தா இது!" குரல் தாழ்ந்தது. "உங்களுக்கு கேன்சர்னு கேட்டேன். கோர்ட்ல வக்கீல் அதைப் பறஞ்சா ஜாமீன் கிட்டும், கேட்டோ?"

லிங்கராஜ் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கிட்டாது மேடம். நூறு வயசு வரைக்கும் இருப்பேனாம்... ஜெயில்ல சீக்கிரம் கிழியாத பாயா ஒண்ணு போடச் சொல்லுங்க!"