யார் ஷீட்டைத் திறந்தது?

ஏழாவது டேங்குக்குள் வெற்றி செத்துக் கிடந்தான்.

எர்ணாவூரில் கெமிக்கல் டேங்க் கழுவுகிற யார்டு அது. டேங்கில் விஷக் காஸ் இருக்கிறதா என்று அன்புக்கரசி சோதித்து, ஆபீஸுக்கே பொதுவான கம்ப்யூட்டர் ஷீட்டில் எழுதுவாள். அதைப் பார்த்துத்தான் உள்ளே இறங்குகிறவர்களுக்குக் கேட்டில் சீட்டு கொடுப்பார்கள்.

வெற்றியின் சட்டைப்பையில் சீட்டு இருந்தது... 'இறங்கலாம்' என்று!

"எழுதுனது நீதானே?" என்றாள் இன்ஸ்பெக்டர் மலிகா.

"நான் 'இறங்காதே'ன்னுதான் எழுதுனேன்."

அன்புக்கரசிக்கு அழுகை வரவில்லை. காலையில் அவளும் வெற்றியும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். அவனுக்கு இடம் விட்டு நகர்ந்தது மட்டும் நினைவில் இருந்தது. மற்றதெல்லாம் மரத்துவிட்டது.

"பொய் மேடம்," என்றார் மேனேஜர் தாமோதரன். "சர்வர்ல 'இறங்கலாம்'னு இருக்கு. ஆள் செத்தப்புறம் இவ மெஷின்ல மட்டும் மாத்திட்டா. நான் பதினொரு மணி வரைக்கும் அத்திப்பட்டுல இருந்தேன்."

மலிகா ஜீப்பைக் காட்டினாள். அன்புக்கரசி அதை நோக்கி நடந்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம்..." என்றான் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற தீபன். "ஷீட்டு தொறக்க லேட்டாவுதுன்னு எல்லாரும் பேஜாரு பண்ணாங்க. அதான் அவங்கவங்க மெஷின்லயே ஒரு நகல் நிக்கிற மாதிரி பண்ணேன். ஒர்த்தர் எழுத தொறந்தா சர்வர்ல கீற ஷீட்டு மத்தவங்களுக்குப் பூட்டிக்கும். மத்தவங்க எழுதுறது அவங்க நகல்லயே கெடக்கும். பூட்டு எடுத்தாதான் சர்வருக்குப் போவும்."

"பத்து மணிக்குப் பூட்டிகினு இருந்துச்சு," என்றாள் அன்புக்கரசி. "'யாரு ஷீட்ட தொறந்து வெச்சிகினு கீறது, மூடுங்க'ன்னு மைக்ல மூணு வாட்டி கூவுனேன். யாரும் மூடல. மூடுனா தானா போய்டும்னு என் நகல்ல எழுதிட்டேன். இங்க எல்லாரும் அப்டித்தான்."

அந்தக் குரல் யார்டு முழுக்கக் கேட்டிருக்கும். வெற்றிக்கும்தான்.

"பூட்டுனது யாரு?" என்றாள் மலிகா.

தீபன் சர்வரில் இருந்த பதிவைப் பார்த்தான். திரையைத் திருப்பினான்.

"ஒம்போது நாப்பதுலேர்ந்து இப்ப வரைக்கும் ஒரே பேரு. பத்து இருவதுக்கு 'இறங்கலாம்'னு போட்டதும் அதே பேரு... மேனேஜர் ரூம்பு மெஷினு. ரூம்பு சாவி அவர்கிட்ட மட்டும்தான் கீது."

மலிகா தாமோதரன் பக்கம் திரும்பினாள்.

"அத்திப்பட்டுலேர்ந்து கை இவ்ளோ தூரம் நீளுமா சார்?"

"மத்தியானம் டேங்க் கப்பலுக்குப் போயாகணும் மேடம்... காஸ் இருக்காதுன்னு நெனச்சேன்..."

மலிகா ஜீப் கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுறதுக்கு முன்னாடி அந்த ஷீட்ட மூடிட்டு வாங்க சார். காலையில இந்தப் பொண்ணு எழுதுனது இன்னும் சர்வருக்குப் போகக் காத்துக்கிட்டு இருக்கு."