திருட்டுக் காற்று

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி! வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்!"

"ஒண்ணுமில்லையா? ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காமலே கத்துது. தெருவே திரும்பிப் பாக்குது!"

"தெரு எப்பவும் நம்மளைத்தான் பாக்குது. உன் வாய் அப்படி!"

"என் வாயை விடுங்க. மெக்கானிக்கிட்ட காட்டாம இந்த வண்டி மலை ஏறக் கூடாது. அவ்வளவுதான்!"

பட்டறையில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்த ஸ்பேனரின் காதில் இத்தனையும் விழுந்தது.

ஸ்பேனர்... அவனுடைய பட்டப் பெயர். தூங்கும்போதும் கையில் ஒன்று இருக்கும் என்பது அவன் மனைவியின் புகார்.

நெளிந்து வெளியே வந்தான்.

வாசலில் ஒரு பழைய கார். நின்ற இடத்திலேயே அலறிக்கொண்டிருந்தது.

வ்ர்ர்ரூம்ம்ம்...!

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் ரெண்டு தெரு தள்ளி இருக்கும் தையல் கடைக்காரி. பக்கத்து சீட்டில் அவள் கணவர். நிலம் அளக்கும் சர்வேயர். வலது முழங்காலில் பட்டை. முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும்!

அவள் இறங்கி ஓடி வந்தாள்.

"அண்ணே, காலையிலேருந்து இப்படித்தான். கடையில யூனிஃபார்ம் துணி வெட்டாம கெடக்கு. ஏதாவது ஸ்க்ரூவைத் திருப்பி சத்தத்தைக் குறைச்சு விட்டுடுங்க. அது போதும்."

"நேத்து எப்படி இருந்துச்சும்மா?"

"பூனை மாதிரி இருந்துச்சு."

"ராத்திரியோட ராத்திரியா புலியாயிடுச்சா?" என்று பானெட்டைத் திறந்தான்.

சர்வேயர் உள்ளேயிருந்தே சீறினார்.

"யோவ்! கதை வேணாம். தொடவும் வேணாம். கத்தினா உடனே வைத்தியமா? பானெட்டை மூடு, நாங்க போறோம்!"

ஸ்பேனர் நிமிர்ந்தான்.

'என் வண்டியைத் தொடாதே' என்று சொல்லும் ஆளை இந்தப் பட்டறை இதுவரை பார்த்ததில்லை!

மூடவில்லை. டாஷ்போர்டை எட்டிப் பார்த்தான். எஞ்சின் வேகம் காட்டும் முள் இரண்டாயிரத்தில் நின்றது. சும்மா நிற்கும் வண்டிக்கு எண்ணூறு போதும்.

ஆக்ஸிலேட்டர் கேபிளை ஆட்டினான். தளர்வாகத்தான் இருந்தது. எஞ்சினுக்குக் காற்று விடும் தகட்டைத் தொட்டான். ஒழுங்காக மூடியிருந்தது.

கதவு மூடியிருக்கிறது... ஆனாலும் எஞ்சின் மூச்சு இழுக்கிறது!

"திருட்டுக் காத்து!" என்றான்.

"என்ன காத்துண்ணே?"

"வாசல் வழியா வரவேண்டியது, எங்கேயோ பின்பக்கமா பூந்து வருதும்மா. ஸ்க்ரூவைத் திருப்பினா சத்தம் அடங்கும். ஓட்டை அப்படியேதான் இருக்கும்."

"ஓட்டை கெடக்கட்டும். அப்புறமா பாத்துக்கலாம்."

"ஏய்! அவனே ஓட்டைங்கறான், இன்னும் பெருசாக்கப் போறான்!" என்று சர்வேயர் கதவைத் தட்டினார். "கிளம்புடி!"

ஸ்பேனர் கிளீனர் ஸ்ப்ரேயை எடுத்தான். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சின்னத் தூறல். ஓட்டை உள்ள இடத்தில் பட்டால் எஞ்சின் அதையும் உறிஞ்சும். சுருதி மாறும்.

முதல் குழாய்... மாறவில்லை.

அடுத்தது... ம்ஹூம்.

தடித்த ஒரு ரப்பர் ட்யூபின் அடியில் அடித்தான்.

வ்ர்ர்... வூ... வ்ர்ர்ர்!

எஞ்சின் தடுமாறியது!

சாவியைத் திருப்பி அணைத்தான். பானெட் மறைவிலேயே ட்யூபைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்.

ஓட்டை விழுந்த இடத்தை விரலால் தடவினான்.

எலி கடித்ததில்லை. வெயிலில் வெடித்ததில்லை. பிளேடு! முக்கால் பங்கு அறுத்துவிட்டு, கால் பங்கை விட்டு வைத்திருந்தார்கள். வெட்டை ஒட்டி மெல்லிய நீலக் கோடு ஒன்று. ஏதோ பெயிண்ட் என்று விட்டுவிட்டான்.

அது பிரேக்குக்குப் போகும் ட்யூப்! எஞ்சின் அதன் வழியாகக் காற்றை இழுப்பதால்தான் லேசாக மிதித்தாலும் வண்டி நிற்கிறது. சமதரையில் சமாளிக்கும். மலை இறக்கத்தில் அடுத்தடுத்து மிதித்தால்... மிச்சமும் கிழியும். பெடல் கல்லாகிவிடும்!

முழங்காலில் பட்டை கட்டியவரா மலையில் ஓட்டப் போகிறார்? ஓட்டி வந்தவள் அவள். அப்படியென்றால் சாகப் போகிறவளும்...

தொடாதே என்று குதித்தவர்?

ஸ்பேனர் வேனின் மறைவுக்குப் போய் சப்-இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டான்.

"சார், உங்க ஜீப்புல ஒரு போல்ட்டை டைட் பண்ண மறந்துட்டேன். உடனே வாங்க."

"அடப்பாவி! நேத்தே சொல்ல மாட்டியா?"

"இன்னிக்குத்தான் சார் கொலை... கொல நடுங்கிப் போச்சு!"

வைத்துவிட்டு, ஓரத்தில் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் அறைக்குள் நுழைந்தான். கல்லாவில் அவன் மனைவி.

"புது ட்யூப் எடு. சத்தம் போடாதே. அந்த மனுஷன் பொண்டாட்டியைக் கொல்லப் பாக்கறான்!"

அவள் அறுந்த ட்யூபை வாங்கினாள். நகத்தால் நீலக் கோட்டைச் சுரண்டினாள். பொடி உதிர்ந்தது.

"ஏங்க... உங்க மூளையை எந்த வண்டியில கழட்டி வச்சீங்க?"

"ஏன்டி?"

"இது பெயிண்ட் இல்ல. தையல் சாக்பீஸ். கோடு போடாம எதையும் வெட்டக் கை வராதவங்க யாரு?"

ஸ்பேனரின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. கல்யாணமான நாளிலிருந்து முதல் முறை!

அவளே ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"சார், மலைக்கு யாரு ஓட்டறது?"

"நான்தாம்மா. இவளைக் கடையில இறக்கிட்டுப் போகணும். கால் வலியெல்லாம் ஒரு விஷயமா? காலையில பிரேக்கு கூட கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு. முழங்கால்தான் மக்கர் பண்ணுதுன்னு நெனச்சேன். அதுக்கு இவதான் 'இங்க வரைக்கும் நான் ஓட்டறேன், நீங்க தெம்பா மலையில ஓட்டுங்க'ன்னா."

ஐயோ... அந்த முழங்கால்! நல்ல கால் இருந்தால் கல்லையும் அமுக்கிவிடலாம். இவர் காலால்?

ஸ்பேனர் வந்தான். யார் கண்ணிலும் படாமல் பானெட் மறைவில் புது ட்யூபை மாட்டினான். ஸ்டார்ட் பண்ணினான்.

முள் எண்ணூறுக்கு இறங்கியது. கார் பூனையாகக் குறுகுறுத்தது.

"சொன்னேன்ல?" தையல் கடைக்காரியின் முகம் மலர்ந்தது. "ஒரு ஸ்க்ரூ வேலை!"

"ஆமாம்மா. ஸ்க்ரூவைத்தான் திருப்பினேன்." சாவியை நீட்டினான். "ட்ரையல் பாக்கணும். பின்னால ஒரு இறக்கம் இருக்கு. வேகமா போய், நாலு தடவை பிரேக் மிதிச்சிட்டு வாங்க."

அவள் சாவியை வாங்கவில்லை.

"அ... அவரே போகட்டும்."

"அவருக்குக் கால் வலிம்மா. நீங்கதானே ரெண்டு தெரு ஓட்டிட்டு வந்தீங்க?"

"எனக்கு இறக்கம்னா பயம்..."

"புது ட்யூப் போட்ட வண்டிக்கு என்ன பயம்?" பின்பாக்கெட்டிலிருந்து பழையதை எடுத்துக் காட்டினான்.

அவள் முகத்தில் ரத்தம் இல்லை. சர்வேயர் நொண்டிக்கொண்டு இறங்கினார். ட்யூபைப் பார்த்தார். நீலக் கோட்டைப் பார்த்தார். அதே நீலப் பொடி ஒட்டியிருந்த மனைவியின் விரல் நுனிகளைப் பார்த்தார்.

"ஏண்டி...?"

"காய்ச்சல்ல படுத்தா ஒண்ணுமில்ல! மெஷின் ஊசி விரல்ல ஏறினா ஒண்ணுமில்ல! எங்கம்மா செத்தப்பகூட, 'அழாதே, ஒண்ணுமில்ல!' உங்களுக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஆகட்டுமேன்னு தோணிடுச்சு!"

ஜீப் வந்து நின்றது. போல்ட்டைப் பற்றி இரைய வாயைத் திறந்த சப்-இன்ஸ்பெக்டர், ட்யூபைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கேட்டார்.

"இந்த வேலையெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"வீடியோவுல. பிரேக்குக்குப் போற குழாய் எதுன்னு காட்டினான். அறுத்தா வண்டி ஊரைக் கூட்டும்னு சொல்லித் தொலைக்கல, படுபாவி! வழியில எவனாவது பானெட்டைத் திறந்து பாத்துடுவானேன்னுதான் சத்தத்தை அடக்க இங்க வந்தேன்."

சப்-இன்ஸ்பெக்டர் சர்வேயர் பக்கம் திரும்பினார்.

"உங்க வாக்குமூலத்துலதான் சார் இருக்கு. அறுத்தது கொல்லத்தான்னு சொல்றீங்களா? இல்ல, கோவத்துல ஏதோ பண்ணிட்டாங்கன்னு சொல்றீங்களா?"

சர்வேயர் வாயைத் திறந்தார். பட்டறையே காதைத் தீட்டியது. அவள், அழுத கண்ணோடு, அவர் முகத்தையே பார்த்தாள்.

திறந்த வாய் திறந்தபடியே, இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்!

நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? அவசியம் பதில் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்... புருஷன், பொண்டாட்டி தனித்தனியாக எழுதுங்கள். அதுதான் உடம்புக்கு நல்லது!