கூடைக்குக் கீழே

மசாஜ் மேசையில் குப்புறப் படுத்திருந்த மனிதர் அசையவில்லை.

"டொத்தோரே?"

கேசிகா கிட்டப் போனாள். தோளைத் தொட்டாள்.

குளிர்ந்திருந்தது.

கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துவாய். ஒற்றை விரலால் விலக்கினாள். கீழே சிவப்பாக ஒரு கோடு... காதிலிருந்து காது வரை.

டாக்டர் அமோரோஸோ. இத்தாலியின் பலெர்மோ நகரத்து ரொண்டினே கூடைப்பந்து அணியின் மருத்துவர். இருபது நிமிடங்களுக்கு முன் அவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியவர்.

செத்துக் கிடந்தார்.

அவள் கதவை நோக்கிப் பாய்ந்தாள்.

க்ளிக்.

கதவு முந்திக்கொண்டது.

இரும்புக் கதவு. உள்ளே பிடி கிடையாது. நடுவில், அழுக்குத் துவாய்களை வெளியே போட ஒரு சின்னத் திறப்பு. ஒரு கைதான் நுழையும்.

ஃபோனைப் பார்த்தாள். நிலத்துக்குக் கீழே உள்ள அறை. ஒரு கோடுகூட சிக்னல் இல்லை.

தலைக்கு மேலே அரங்கம். அரங்கத்தில் வடக்குக் கூடை. அதற்கு நேர் கீழே, ஒரு பிணத்தோடு அவள்.

* * *

கேசிகாவுக்கு இருபத்தொன்பது வயது. காலையில் ஒரு இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் துப்புரவு வேலை. மத்தியானத்துக்குப் பிறகு கூடைப்பந்து.

'கேசிகாவின் கூடை' என்று யூடியூபில் ஒரு தமிழ் சேனல் வைத்திருந்தாள். ஒவ்வொரு செப்டம்பரிலும், பருவம் தொடங்கும் முன், லீக்கின் எல்லா அணிகளையும் அலசுவாள். யார் தேறுவார்கள், யார் மூழ்குவார்கள் என்று சொல்வாள். ஆறு வருடங்களில் அவள் கணிப்பு பெரிதாகத் தவறியதில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு ஒரு கூட்டம் இருந்தது.

அன்று காலை ஒன்பது மணிக்கு ரொண்டினே அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். இரண்டே வரி.

'மாரியுஸின் இடது முழங்கால் சரியில்லை, அவன் இல்லாமல் இந்த அணி தேறாது என்று சொல்லப் போகிறேன். உங்கள் கருத்து என்ன?'

மாரியுஸ், அணியின் லித்துவேனிய நட்சத்திரம். ஏழடி உயரம்.

ஒரு மணிக்கு பீலிக்ஸ் ஃபோன் எடுத்தார். அணியின் உடுப்புக்கும் பந்துக்கும் துவாய்க்கும் பொறுப்பானவர். மன்னார்க்காரர். பதினெட்டு வருடமாக இந்த அரங்கத்தில் வேலை.

"தங்கச்சி, டொக்டர் உன்னோடை கதைக்க வேணுமாம். கீழ் அறைக்கு வரட்டாம்."

"வாறன் அண்ணை."

பக்கத்துச் சீசா பகுதியில்தான் வீடு. நடந்தே வந்துவிட்டாள்.

* * *

திறப்பின் வழியாக ஒரு குரல் வந்தது. இத்தாலியனில். நிதானமாக.

"யார் சொன்னது?"

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். கல்தேரா. அணியின் முகாமையாளர்.

"எதை?"

"முழங்காலை. அமோரோஸோ சொன்னாரா?"

"ஒருவரும் சொல்லவில்லை. திறந்த பயிற்சியில் பார்த்தேன். மாரியுஸ் படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இடது காலைத்தான் முன்னே வைத்தான். பந்துக்கு எழும்பும்போதும் இடது காலை ஊன்றவே இல்லை."

"படியிறங்குவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய்?"

"எனக்கு அதுதான் வேலை."

அவன் சிரித்தான்.

"உன் இரண்டு வரி ஒரு மனிதரைக் கொன்றுவிட்டது, கேசிகா. திரும்பிப் பார்."

அவள் திரும்பவில்லை.

"என்ன வேண்டும் உங்களுக்கு?"

"வீடியோ. ரொண்டினே மூன்றாம் இடம், மாரியுஸ் முழு நலம் என்று சொல். தில்லையம்பலத்தைத் தெரியுமா?"

தெரியும். லண்டனில் வரிசையாகப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். ரொண்டினேயை விலைக்கு வாங்க வந்திருப்பதாகப் பேச்சு.

"ஐந்து மணிக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் கையெழுத்து. இப்போதே அங்கே கடலோர உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார். என் பேச்சை அவர் நம்பவில்லை. உன் வீடியோ வந்த பிறகுதான் பேனையை எடுப்பாராம்."

"சொன்னால்?"

"கதவு திறக்கும்."

திறக்கும். ஆனால் அவளை விடுவதற்கா?

மேசையைப் பார்த்தாள். அணியின் ரகசியத்தைக் கேட்டு வந்த பெண்... மறுத்த டாக்டர்... இருவருக்கும் சண்டை... இரண்டு பிணங்கள்.

வீடியோ போன அடுத்த நிமிடம் அவள் தேவையில்லை.

"எனக்குத் தமிழ் தெரியாது என்று எதையாவது உளறிவிடாதே. என் ஃபோனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் பார்ப்பேன்."

செயலி...

கேசிகா கண்ணை மூடினாள். யோசித்தாள். பிறகு ஃபோனைத் தூக்கிப் பிடித்து, பிணம் தெரியாதபடி சுவரோரம் நின்றாள்.

"வணக்கம், நான் கேசிகா. இந்த வருசம் ரொண்டினே மூண்டாம் இடம். மாரியுஸ் நல்ல சுகம். பரியாரியார் மட்டும் மோசம் போட்டார். மறியல் கூடைக்குக் கீழை. நானும் அங்கைதான் நிக்கிறன்."

ஃபோனைத் திறப்பின் வழியாக நீட்டினாள்.

செயலிக்குத் தெரிந்தது தமிழ்நாட்டுத் தமிழ். யாழ்ப்பாணத்தில் 'பரியாரியார்' என்றால் வைத்தியர். செயலி அதை ஆட்டக்காரரின் பெயராக எடுக்கும். 'மோசம் போட்டார்' என்றால் இறந்துவிட்டார். செயலிக்கு அது மோசமான ஆட்டம். 'மறியல்' என்றால் சிறை. செயலிக்கு அது வழிமறிப்பு. இத்தாலியக் கூடைப்பந்தில் வழிமறிப்பு ஒரு சாதாரண ஆட்ட உத்தி!

வெளியே கல்தேரா வாசித்தான்.

"பரியாரியார் மோசமாக ஆடினார்... கூடைக்குக் கீழே வழிமறிப்பு... யார் இந்தப் பரியாரியார்?"

"புதிதாக ஒரு பையனைப் பயிற்சிக்கு எடுத்தீர்களே. தமிழ் ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர்."

தில்லையம்பலம் கேட்டால் போதும். ஒரு தடவை கேட்டால் போதும்.

"நல்லது," என்றான் கல்தேரா. "ஆனால் நான் செயலியை நம்பி வியாபாரம் செய்பவன் இல்லை. என்னிடம் தமிழ் தெரிந்த ஆள் ஒருவன் இருக்கிறான்."

படிகளில் காலடிச் சத்தம்.

"பீலிக்ஸ், இதைக் கேள்."

அவளை இங்கே கூப்பிட்டதே பீலிக்ஸ்தான்.

* * *

வெளியே அவள் குரல் ஒலித்தது. பரியாரியார்... மோசம்... மறியல்...

முடிந்தது.

பீலிக்ஸ் இத்தாலியனில் கேட்டார்.

"உள்ளே ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள், சினோரே?"

"உனக்கு அது தேவையில்லை. பேச்சு எப்படி?"

"சரியில்லை. குரல் நடுங்குகிறது. சத்தமும் அடைக்கிறது. லண்டன் ஆள் நம்பமாட்டார். மேலே அறிவிப்பாளர் மேசையில் மைக் இருக்கிறது, எடுத்து வருகிறேன்."

"சீக்கிரம்."

போனார். வந்தார். மைக்கையும் அவளுடைய ஃபோனையும் திறப்பின் வழியே நீட்டினார்.

பிறகு தமிழில்:

"தங்கச்சி, பரியாரியார் எண்டதை எடு."

"ஏன் அண்ணை?"

"எடு எண்டா எடு. திருப்பிச் சொல்லு."

சொன்னாள். பரியாரியார் போனார். மறியல் மட்டும் மிச்சம்.

கேட்டார்.

"இன்னொருக்கால். மறியலும் வேண்டாம்."

"அண்ணை, உங்களுக்கு விளங்குதுதானே?"

"எல்லாம் விளங்குது."

அவ்வளவுதான் சொன்னார்.

கேசிகா கதவில் நெற்றியை வைத்தாள். வழி தெரியாத நகரத்தில் அவளுடைய அப்பாவுக்கு முதல் வேலை பிடித்துக் கொடுத்தவர் இந்த பீலிக்ஸ். அவளுடைய பூப்புனித நீராட்டு விழாவுக்கு வந்து கதிரை அடுக்கியவர். இப்போது அவள் உயிரை, சொல் சொல்லாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்கிறாய் அவளிடம்?" கல்தேராவின் குரலில் பொறுமை தேய்ந்திருந்தது.

"எண்களைப் பிழையாகச் சொல்கிறாள், சினோரே. ரசிகர்கள் பிடித்துவிடுவார்கள்." மறுபடி தமிழில்: "ஒரு அணியை மட்டும் புகழ்ந்தா ஆர் நம்புவினம்? மற்ற அணியளையும் சொல்லு. அவசரப்படாமல் ஆறுதலாச் சொல்லு."

அவள் சொன்னாள்.

அணிகளின் பெயர் வந்ததும் வாய் தானாகவே ஓடியது.

"சிராகூசாவிலை ஐஞ்சு பேரும் கெட்டிக்காரர், ஐஞ்சு பேரும் கட்டை. ஓடி வெல்லுவினம், தெறிச்சு வாற பந்துக்கு ஏணி வேணும். மெஸ்ஸினாவுக்குப் புதுப் பயிற்சியாளர். நவம்பர் வரைக்கும் இருந்தா அதிசயம். திராபானிக்காரர் முதல் பாதியிலை சிங்கம், கடைசி அஞ்சு நிமிசத்திலை மூச்சு வாங்குவினம். றாகூசாவைக் கவனியுங்கோ... பத்தொன்பது வயசுப் பெடியன் ஒருத்தன் மூண்டு புள்ளி எறியிறான், பார்க்காமலே எறியிறான்."

பதினான்கு நிமிடங்கள்.

"ரொண்டினே மூண்டாம் இடம். நானும் இஞ்சைதான் நிக்கிறன்."

"கடைசி வசனத்தை வெட்டு," என்றார் பீலிக்ஸ். "திரும்ப முதல்லையிருந்து."

நான்காவது தடவை. முழுவதும் மீண்டும். அழுகையை விழுங்கிக்கொண்டே சொன்னாள். இப்போது வீடியோவில் ஒன்றும் இல்லை. வைத்தியர் இல்லை, சிறை இல்லை, அவளும் இல்லை. ஒரு சுத்தமான பொய் மட்டும்.

"இப்ப சரி," என்றார் பீலிக்ஸ்.

கல்தேரா ஃபோனை வாங்கினான். கீழே சிக்னல் இல்லை. மேலே போய்த்தான் ஏற்ற வேண்டும்.

"பீலிக்ஸ், காரைப் பின்வாசலுக்குக் கொண்டு வா. நான் வந்து கதவைத் திறக்கிறேன்."

காலடிகள் மேலேறின.

கேசிகா இழுப்பறைகளைத் திறந்தாள். பஞ்சு... களிம்பு... ஒட்டுத்துணி... ஒரு கத்தரிக்கோல். பிடித்துக்கொண்டாள். கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

சாவி திரும்பியது.

கதவு திறந்தது.

பீலிக்ஸ்.

கத்தரிக்கோலை அவர் தொண்டைக்கு நேரே ஓங்கினாள்.

"குத்திறதெண்டா பிறகு குத்து," என்றார் அவர். "முதல் வெளியிலை வா. பொலிஸ் நிக்குது, அவனிட்டையிருந்து சாவியும் பறிச்சாச்சு."

மேலே கல்தேராவின் குரல் கேட்டது. கூடவே வேறு நாலைந்து பூட்ஸ் சத்தம்.

"நீங்களோ கூப்பிட்டது?"

"பின்னை? மைக் எடுக்கப் போகேக்கை ஃபோன் அடிச்சனான். பொலிசிலை ஃபோன் எடுத்த பெட்டை என்ரை பேரை நாலு தரம் எழுத்துக்கூட்டச் சொல்லிப்போட்டாள். வந்து சேர அரை மணித்தியாலத்துக்கு மேலை."

"அப்ப ஏன் எல்லாத்தையும் வெட்டச் சொன்னீங்கள்?"

"அந்த வீடியோ போயிருந்தா தில்லையம்பலத்தார் முதல் ஆருக்கு ஃபோன் அடிப்பார்? என்ன நடக்குதெண்டு இவனுக்குத்தான். பொலிசுக்கு முதல் இவன் உன்னட்டை வந்திருப்பான்." பீலிக்ஸ் மேசையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "நீ கதைச்சுக்கொண்டிருக்கும் வரைக்கும் கதவு பூட்டிக் கிடக்கும். அதுக்குத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னனான்."

கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"மத்தியானம் டொக்டர் உன்னைக் கேக்கிறார் எண்டு இவன்தான் சொன்னவன். நம்பி உனக்கு ஃபோன் அடிச்சுப்போட்டன், தங்கச்சி." அவர் குரல் அப்போதுதான் உடைந்தது.

* * *

இன்ஸ்பெக்டர் லோ வெர்தே, கட்டையாக முடி வெட்டிய ஐம்பது வயதுப் பெண். அரங்கத்தின் பார்வையாளர் படியில் கேசிகாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"என் மின்னஞ்சலால்தான் அவர்..." கேசிகாவால் முடிக்க முடியவில்லை.

"எத்தனை மணிக்கு அனுப்பினாய்?"

"ஒன்பது."

"டாக்டர் எட்டு மணிக்கு முன்னமே இறந்துவிட்டார். மாரியுஸ் முழு நலம் என்று ஒரு சான்றிதழ் அவர் பைக்குள் இருக்கிறது. கையெழுத்து இல்லை. போட மறுத்திருக்கிறார். உன் இரண்டு வரியைப் பார்த்த பிறகு கல்தேராவுக்குப் பழி போட ஒரு ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்."

கேசிகா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பீலிக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஐந்தரைக்கு ஒரு டாக்சி வந்து நின்றது. சட்டையில் எலுமிச்சைச் சாறு சிந்தியிருந்த ஒரு பருத்த மனிதர் இறங்கி வந்தார். தில்லையம்பலம். உணவகத்தில் காத்திருந்து, ஒருவரும் வராததால் தேடி வந்தவர்.

நடந்ததை எல்லாம் பீலிக்ஸ் சொன்னார். தில்லையம்பலம் நின்றபடியே கேட்டார். துணி போர்த்திய ஸ்ட்ரெச்சர் கடந்து போனபோது தலை குனிந்தார்.

"ஒரு கையெழுத்துக்காக..." என்றார் மெல்ல. "போடமாட்டன் எண்டு நிண்டிருக்கிறார், என்ன?"

"ஓம்," என்றாள் கேசிகா.

அவர் அவளுக்கு முன்னால் குந்தினார்.

"பிள்ளை, இப்ப உண்மையைச் சொல்லு. இந்த அணி எத்தினையாம் இடம்?"

"பதினாறு."

"மொத்தம் எத்தினை அணி?"

"பதினாறு."

தில்லையம்பலம் வெறிச்சோடிக் கிடந்த ஆடுகளத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப இதுக்குக் கீழை விழ இடமில்லை... ஆரிட்டையாவது பேனை இருக்கோ?"