நலஞ்சொல்லி

காலையிலிருந்து சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சென்னியப்பனை விசாரித்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் அவர் குரலிலேயே பதில் போனது: “நல்லா இருக்கேனுங்க.” அவரோ காய்ச்சலில் முனகிக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

பதில் சொன்னது தலைமாட்டில் இருந்த நலஞ்சொல்லி, சோப்பு டப்பா அளவு இயந்திரம். அவருக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தது. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருள் என்று தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைப்பார்கள். அந்த நேரத்தில் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு கிருமியையும் கொண்டுவருவார்கள். வராதே என்றால் நம் ஊரில் ஜென்மப் பகை. அதனால்தான் இந்த ஏற்பாடு. நோயாளியின் பழைய போன் பேச்சையெல்லாம் கேட்டுப் பழகி, அவர் என்ன சொல்வாரோ அதையே சொல்லும். பிரமாதமாகச் சொல்கிறதே என்று ஆஸ்பத்திரியும் தன் தினசரி விசாரிப்பை அதனிடமே விட்டுவிட்டது. அங்கே கேட்பதும் ஓர் இயந்திரம்தான். நோயாளியைத் தவிர எல்லோருக்கும் நிம்மதி.

“கால் வீங்கியிருக்குது, ஒண்ணுக்குப் போறது பாதியாக் கொறைஞ்சிருச்சு. இன்னும் என்னங்க யோசனை?” என்று எரிந்து விழுந்த அவர் மனைவி கோகிலவாணி, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

“திரு. சென்னியப்பன் நலமாக இருப்பதாகச் சற்றுமுன் அவரே கூறினார்” என்றது அங்கிருந்த இயந்திரம்.

“அவரு சொல்லலைங்க, டப்பா சொல்லுச்சு!”

“இரண்டும் ஒன்றே என அவர் ஒப்புதல் தந்திருக்கிறார்.”

“அவருக்குள்ள இருக்கறது என்ற கிட்னி. கொடுத்தவ சொல்றேன், அது சரியில்லை. ஒரு மனுசனைக் கூப்புடுங்க!”

“கொடையாளியின் பதற்றம் இயல்பானதே. நலஞ்சொல்லி தன் பதிலைத் திருத்தினால் அனுமதி கிடைக்கும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவின் திருத்தப் பொத்தானை அழுத்தி, கணவர் வாயருகே பிடித்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணும் பெருசா இல்லீங்க. லேசாக் காய்ச்சலாட்டம்...”

“நலம். பதிவு செய்யப்பட்டது” என்றது டப்பா.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு சிறுநீரகமும் பழுதாகிற வரை கேஸ் ட்ரபிள் என்றே சாதித்த மனிதர். டப்பாவைக் குறை சொல்லி என்ன செய்ய? அது வாத்தியாருக்கு ஏற்ற மாணவன்.

“மெசினுகிட்டயுமா கௌரவம் பாப்பீங்க? நெசத்தைச் சொல்லித் தொலைங்க!”

அடிவயிற்றில் தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு அவர் அவளைப் பார்த்தார்.

“வலி தாங்க முடியல கோகிலா. நீ கொடுத்ததையும் பாழாக்கிருவனோன்னு பயமா இருக்குது.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. டப்பா வெகுநேரம் யோசித்தது.

“மன்னிக்கவும். இது திரு. சென்னியப்பன் பேசும் முறை அல்ல. வேறு நபரின் பதிவு ஏற்கப்படாது.”

அவள் டப்பாவைக் கட்டிலில் வீசிவிட்டு, அவரைக் காரில் ஏற்றினாள். அனுமதி இல்லாததால் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. டீ குடிக்கப் போன டாக்டர் ஒருவர் திரும்பிப் பார்க்கும் வரை கதவைச் செருப்பால் அடித்தாள். அவர் வெளியே வந்து வீங்கிய காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது. டாக்டர் எதுவும் கேட்கவில்லை, தள்ளுவண்டியை இழுத்து வந்தார்.

உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது. மருந்து ஏறியதும் மாலைக்குள் காய்ச்சல் இறங்கியது, சிறுநீர் பிரிந்தது.

ஆனால் படுக்கையின் கால்மாட்டுக் கணினித் திரை அவர் பெயரை எப்படித் தட்டினாலும் ஏற்க மறுத்தது. திரு. சென்னியப்பன் வீட்டில் நலமாக இருக்கிறாராம். கடைசியில் அலுத்துப்போன டாக்டர், அது ஏற்றுக்கொண்ட ஒன்றையே தட்டிவிட்டுப் போனார்.

நோயாளி: அடையாளம் தெரியாத ஆண்.