நாலு மார்க்

விசாவுக்கு மனுப் போட்டிருந்த எல்லா வீடுகளையும் போலவே, அமலோற்பவத்தின் வீட்டிலும் காலைப் பலகாரத்துக்கு முன்னால் கால் மணி நேரம் பழகுவார்கள். வாடகைக்கு எடுத்த நாடித்தொப்பியை மாட்டிக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொப்பியின் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு. நினைப்பு எதிரில் இருப்பவர் மேல் ஒட்டிக்கொண்டால் பச்சை. அலைந்தால் மஞ்சள்.

“இன்னா, இன்னிக்கும் மஞ்சளாவே எரியுது?” என்றாள் அமலோற்பவம். “என் மூஞ்சியப் பாத்தா உனக்கு இன்னா நினைப்புதான் வருது?”

“பசி வருது அமலு,” என்றார் சூசைராஜ்.

அவள் விளக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே பச்சைப் பசேலென்று எரிந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. காசிமேட்டில் அந்தத் தெருவில் யாருக்கும் அப்படி எரிந்ததில்லை என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

ஒரே மகள் ஸ்டெல்லா வடபுல ஒன்றியத்தில் இருந்தாள். தலைப்பிரசவம். ஒன்றியத்தில் குடியேறியவர்கள் ஆறு வருஷத்துக்கு வெளியே வரக்கூடாது. ஆகவே இவர்கள்தான் போயாக வேண்டும். இருபத்தொரு நாள் பார்வையாளர் விசா போதும். பிரசவம், பிள்ளைக்கு ஞானஸ்நானம், எல்லாம் அதற்குள் முடிந்துவிடும்.

அந்தக் காலத்தில் விசாவுக்கு வங்கிப் புத்தகம் கேட்டார்களாம், வீட்டுப் பத்திரம் கேட்டார்களாம். எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போனவன் திரும்பியே வரவில்லை. பத்திரத்துக்காக எவன் திரும்பி வருவான்? அதனால் ஒன்றியம் இப்போது ஒன்றே ஒன்றைத்தான் அளக்கிறது. யாருக்காக நீ திரும்பி வருவாய்? அந்த இழுப்புக்கு மீள்விசை என்று பெயர். உன்னை அதிகமாக இழுக்கும் ஆள் எவரோ அவர் உன் நங்கூரர். நீ வரும்வரை அவர் ஊரைவிட்டு நகர மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் போகிற பெண்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு போவார்கள். அமலோற்பவமும் மாம்பழ நிறப் பட்டுப் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

மனுப் போட்டுக் கொடுத்த இ-சேவைக் கடைக்காரி அன்றைக்கே தலையைச் சொறிந்தாள். “சேர்ந்து போடாதீங்க ஆன்ட்டி. அவருக்கு நீங்க நங்கூரம், உங்களுக்கு அவரு நங்கூரம்னா, ரெண்டு பேரும் போயிட்டா கரையில யாரு?”

“அடிப் போடி! முப்பத்திநாலு வருசம் ஒண்ணாக் குடித்தனம் பண்ணவங்க தனித்தனியா மனுப் போட்டா ஊர் இன்னா பேசும்? அதெல்லாம் பாத்துக் குடுப்பாங்க,” என்று ‘இணைந்த பயணம்’ என்ற கட்டத்தில் அமலோற்பவமே விரலை வைத்து அழுத்தினாள்.

விசா மையத்தில் சோதனை பதினோரு நிமிஷம். இருட்டறையில் தொப்பியோடு உட்காரவைத்து, அவரவர் கைப்பேசியிலிருந்து எடுத்த முகங்களையும் குரல்களையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். நான்காம் நாள் முடிவு வந்தது. அமலோற்பவம் தன்னுடையதை முதலில் திறந்தாள்.

‘உங்கள் நங்கூரர்: சூசைராஜ். மீள்விசை 91. உங்கள் நங்கூரர் உங்களுடனேயே பயணம் செய்வதால் நீங்கள் திரும்பி வரக் காரணம் இல்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.’

சரி, கடைக்காரி சொன்னபடிதான் ஆகிவிட்டது, அவருக்கும் இதேதான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவருடையதைத் திறந்தாள். அதில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று இருந்தது. கீழே பட்டியல். குணவதி, 62. அமலோற்பவம், 58.

அவள் அதை மூன்று தரம் படித்தாள். அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. “யோவ்!” என்று அவள் போட்ட சத்தத்தில் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தார் சூசைராஜ்.

குணவதி யாரென்று அவளுக்குத் தெரியாதா? சூசைராஜ் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்டு பார்த்த காலத்திலிருந்து, பத்தொன்பது வருஷமாக அவருக்குக் கேரம் கூட்டாளி. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவள், புருஷன் இல்லாதவள். தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை கிளப்பில் இரட்டையர் ஆட்டம். ஆண்துணை இல்லாத பெண் பாவம் என்று வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்து அனுப்பியதே அமலோற்பவம்தான்.

“அறுபத்திரண்டாம்! எனக்கு அம்பத்தெட்டாம்! சோறு ஆக்கிப் போட்டவளுக்கு நாலு மார்க் கம்மியா?”

“கத்தாத அமலு. எனக்கு மட்டும் தெரியுமா? பத்தொன்பது வருசமா எதுர்ல உக்காந்து ஆடுறவ. அவ கண்ணப் பாத்தா அடுத்து எந்தக் காயின்னு தெரியும். அதத்தான் மெசினு புடிச்சிருக்கும்.”

“ஓகோ! அவ கண்ணப் பாத்தா காய் தெரியுது, என் கண்ணப் பாத்தா பசி தெரியுதா?”

சூசைராஜ் நுரையைத் துடைத்துக்கொண்டே முழித்தார். தப்பு செய்தவர் மாதிரியும் இல்லை, செய்யாதவர் மாதிரியும் இல்லை. அந்த முழியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஏதாவது நடந்திருந்தால்கூடச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். ஒன்றுமே நடக்காமல் நாலு மார்க் எப்படிப் போயிற்று?

சாயங்காலம் குணவதியே வந்துவிட்டாள். நங்கூரருக்கும் கடிதம் போகும் என்பதை இவர்கள் மறந்துபோனார்கள். வாசலிலேயே நின்று, “அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. சூசை அண்ணன் வெவரம் தெரியாம எதையோ...” என்று இழுத்தாள்.

அண்ணனாம் அண்ணன்! அமலோற்பவம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். தலையில் ஒரு முழம் பூ. டெப்போவில் கிரீஸ் கையோடு திரிந்தவள், பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள் பூ வைத்துப் பார்த்ததில்லை.

“பூவெல்லாம் பலமா இருக்கே?”

குணவதி சட்டென்று கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். முகம் சுருங்கிவிட்டது. “எம் பேர யாரும் எதுக்கும் எழுதுனதில்லக்கா,” என்றாள் மெதுவாக. “அதான்... தப்புதான். நீங்க வேணாம்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” பூவை எடுத்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் அமலோற்பவம் அன்றைக்குத் தூங்கியிருப்பாள்.

மூன்று நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவர் போகலாம், குணவதி கையெழுத்துப் போட்டால். அல்லது அவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இங்கேயே இருந்தால், 91 வாங்கியவளுக்கு உடனே விசா. அவர் போனால் மகள் முகத்தை இவள் பார்க்க முடியாது. இவள் போனால் இருபத்தொரு சாயங்காலம் அந்தக் கேரம் பலகை, அந்தக் கண்.

“நீ போ அமலு. புள்ளைக்குத் தாய் வேணும்,” என்றார் சூசைராஜ். அதை அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனாள். பட்டுப் புடவையை அவளே கட்டிக்கொண்டாள். அவர் துவைத்த சட்டையோடு வந்து நங்கூரர் கையெழுத்தைப் போட்டார்.

ஒன்றியத்தில் பேத்தி பிறந்தாள். மூன்றே கால் கிலோ, தலை நிறைய முடி. முதல் நாலு நாள் அமலோற்பவத்துக்குக் காசிமேடு நினைவே இல்லை. குளிப்பாட்டினாள், கால் நீட்டிப் போட்டுப் பிள்ளையைத் தட்டினாள், மருமகன் வைத்த சூப்பைக் குறைசொன்னாள். ஐந்தாம் நாள் கைப்பேசியில் அவரைக் கூப்பிட்டாள். பின்னால் டொக்கென்று ஸ்ட்ரைக்கர் சத்தம்.

“எங்க இருக்கே?”

“கிளப்புலதான்.”

“யாரோட?”

“ஆட்டம் போய்க்கினு இருக்கு, அப்பறம் பேசுறேன்.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டபடி, ஊரில் இப்போது மணி ஐந்தா, ஆறா என்று கணக்குப் பார்ப்பாள். ஒன்பதாம் நாள் பெட்டியைக் கட்டினாள். ஞானஸ்நானத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

“ஏம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று ஸ்டெல்லா வாசலில் அழுதாள்.

“அப்பாவுக்கு உடம்பு சரியில்லடி,” என்று வாய் கூசாமல் சொன்னாள் தாய். விமான நிலையத்தில் குடியகல்வு அதிகாரி அட்டையைப் பார்த்துப் புன்னகைத்தான். “தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் யாரும் இருபத்தொரு நாளும் தங்குவதில்லை, அம்மா.” பாராட்டுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

பெட்டியோடு நேராகக் கிளப்புக்கே போனாள். சூசைராஜ் பலகைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, எழுந்து எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்தும் தானே அடித்துக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலி காலி.

“இன்னா அதுக்குள்ள வந்துட்டே?” என்று பதறினார். “கொழந்த நல்லாருக்கா?”

“அவ எங்க?”

“குணாவா? நீ போன அன்னிலேர்ந்து வர்றதேயில்ல. கூப்பிட்டாலும் வரல.” சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நாற்காலியை ஒருதரம் பார்த்தார். அமலோற்பவம் அதையும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்தைச் சுவர்த்திரையில் பார்த்தார்கள். சூசைராஜ் அவள் பக்கத்திலேயே, கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எதற்காக ஓடிவந்தாளோ அது கையில்தான் இருந்தது. திரையில் பிள்ளையைச் சம்பந்தியம்மாள் ஏந்தியிருந்தாள். தலையில் தண்ணீர் விழுந்ததும் பிள்ளை வீலென்று கத்தியது. சம்பந்தியம்மாள் மார்போடு அணைத்துக்கொண்டதும் அழுகை நின்றுவிட்டது. பாவி, எப்படி ஒட்டிக்கொண்டது பார்! நான் தட்டித் தட்டித் தூங்கவைத்த பிள்ளை! அமலோற்பவம் கையை உதறிவிட்டுத் திரைக்குக் கிட்டே போய் நின்றாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி மனுப் போட்டாள். இந்தத் தடவை தனியாக. வீட்டில் பழகவும் இல்லை. 91 வாங்கியவளுக்குப் பழக்கம் எதற்கு? முடிவு வந்த அன்று அதைப் படித்துவிட்டு, கைப்பேசியை மேஜைமேல் வைத்துவிட்டு, வெங்காயம் உரிக்கப் போனாள். சூசைராஜ்தான் எடுத்துப் படித்தார்.

‘உங்கள் நங்கூரர்: உங்கள் பேத்தி. மீள்விசை 94. இவர் ஒன்றியத்துக்குள் வசிப்பதால், உள்ளே வந்தால் நீங்கள் திரும்பிப் போக மாட்டீர்கள். மனு நிராகரிக்கப்படுகிறது. இனி விண்ணப்பிக்க வேண்டாம்.’

பட்டியலை விரலால் தள்ளிக் கீழே தேடினார். கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்றார். முகம் ஒரு மாதிரி இறுகியிருந்தது.

“எனக்கு எவ்ளோ அமலு?”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அறுபது,” என்றாள். “நீ எனக்குக் குடுத்ததவிட ரெண்டு அதிகம்.”